பேக்கரி மாடியில் பாசி மேடம்

“அண்ணே, உங்க புகையை யாருக்காவது குடுக்கறீங்களா?”

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பேக்கரிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறுகளின் பின்பாதி அது. விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிக்காரனிடம் புகையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் சண்டைக்குத்தான் வருவார்கள். துணி காயப்போட முடியவில்லை, குழந்தைக்கு இருமல், கார்ப்பரேஷனில் எழுதிக் கொடுப்பேன். நானும் வழக்கம்போல, “எங்க புகை நேரா மேல போயிடும் மேடம், உங்க வீட்டுக்கு வர்றது பக்கத்துத் தெரு ஓட்டல் புகை” என்று ஆரம்பித்தேன்.

“ஐயோ, மேல போகுதே, அதுதானே வருத்தம்! யாருக்கும் குடுக்கலன்னா எனக்குக் குடுங்க.”

வயது முப்பத்தைந்து இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் லெக்சரர். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் குடை, டிபன் பாக்ஸ், பச்சைத் தண்ணீர் நிரம்பிய ஒரு ஜாம் பாட்டில். கண்ணுக்குத் தெரியாத பாசி அந்தத் தண்ணீருக்குள் லட்சக்கணக்கில் இருக்கிறதாம். புகையிலிருக்கும் கரியமில வாயுவை வெயிலோடு சேர்த்துச் சாப்பிட்டு அது கொழுக்குமாம். கொழுத்த பாசியைக் காயவைத்தால் அதிலிருந்து எண்ணெய் எடுக்கலாம், அந்த எண்ணெயில் ஒருநாள் டீசல் இன்ஜின் ஓடும் என்றார். நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பாவம் வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த வாரமே பாசி எங்கள் மாடியில் குடியேறிவிட்டது. எப்படிச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. புகைபோக்கியின் பக்கவாட்டில் ஒரு குழாய் போட்டார். மீன் தொட்டிக்கு வைக்கும் பம்புகளை வாங்கி வந்தார். எங்கள் அப்பா காலத்துக் கண்ணாடி பிஸ்கட் ஜாடிகள் இருபத்துநான்கு பரணில் கிடந்தன. அவற்றையும் சிரித்துச் சிரித்தே கழற்றிக்கொண்டு போனார். தெருவில் எல்லாரும் அவரைப் பாசி மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது.

மறுநாள் காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் இருபத்துநான்கு ஜாடியும் கறுப்பு. புகையை அப்படியே உள்ளே விட்டதில் கரி இறங்கி எல்லாம் செத்துப்போயிருந்தது. அழப்போகிறாரே என்று ஸ்டெல்லாவை, அதாவது என் மனைவியை, துணைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். மேடம் வந்தார். ஒவ்வொரு ஜாடியாகக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தட்டினார்.

“சக்கத் தப்பு அண்ணே! எவ்ளோ பெரிய தப்பு பாருங்க!”

சக்கத் என்றால் எங்கள் ஊர்க் கன்னடத்தில் பிரமாதம். சினிமா சக்கத்தாக இருக்கும், பிரியாணி சக்கத்தாக இருக்கும். தப்பு சக்கத்தாக இருந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கே புகையை முதலில் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குள் விட்டுக் கரியைக் கழுவிவிட்டு, அதன் பிறகு ஜாடிக்கு அனுப்பும்படி மாற்றிப் புதுப் பாசி விட்டார். பத்து நாளில் ஜாடியெல்லாம் இளம்பச்சையாகக் கண் திறந்தன.

அவரிடம் இரண்டு நோட்டு உண்டு. மெல்லிசு நோட்டில் கிடைத்த விடைகளை எழுதுவார். தடி நோட்டில் தப்புகளை எழுதுவார். கல்லூரி வேலையெல்லாம் இங்கிலீஷ், தடி நோட்டு மட்டும் தமிழ். “தப்பை வீட்டு பாஷையில எழுதினாத்தாண்ணே உறைக்கும்” என்பார். மெல்லிசு நோட்டில் எழுதும்போது பல்வலிக்காரர் முகம் மாதிரி இருக்கும். தடி நோட்டைத் திறந்தால் போதும், கன்னம் உப்பிவிடும். பம்பு நின்றுபோனது, பாசியை அடியில் படியவைக்கும் படிகாரத்தை அதிகம் போட்டது, காயவைத்த பாசியைக் காக்காய் கொத்திக்கொண்டு போனது, எல்லாம் அதில் ஏறும். காக்காய் கொத்தியது அவர் தப்பா என்று கேட்டால், “மூடி வைக்காதது யாரு?” என்பார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. நாற்பது வயது தாண்டும்வரை நான் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் பேக்கரியில் ரொட்டி கருகியதே கிடையாது, அது ஸ்பெஷல் ரோஸ்ட். உப்புப் போட மறந்த நாளில் அது பிரஷர்காரர்களுக்கான ரொட்டி. கேக் நடுவில் அமுங்கிவிட்டால், இங்கிலீஷ்காரன் காலத்தில் இப்படித்தான் சாப்பிட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். கடைக்காரன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மேடம் ஒரு ஸ்பெஷல் ரோஸ்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன ஆச்சுண்ணே இதுக்கு?”

“கஸ்டமருங்க இப்படித்தான் கேக்குறாங்க மேடம்.”

அவர் நேராகப் பின்பக்கம் போய், அடுப்பு பார்க்கும் பாஷா பாயிடம் கேட்டார். பாஷா பாய் முப்பது வருடமாக எங்களிடம் இருப்பவர், நீலசந்திராவிலிருந்து சைக்கிளில் வருவார், பொய் சொல்ல வராது. “முதலாளி ரேடியோல கிரிக்கெட் கேட்டுட்டு இருந்தார்மா. எடுன்னு சொல்ல மறந்துட்டார்” என்று சொல்லிவிட்டார். மேடம் திரும்பி வந்து கருகிய ரொட்டியையே வாங்கிக்கொண்டு, “ஸ்கோர் என்னண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பேட்டைக்கு டிசம்பர் வந்தால் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவை வீட்டிலேயே கலந்து, தகர டின்னில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டைச் செருகி எங்கள் அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். வீட்டு அடுப்பில் அந்தப் பக்குவம் வராது. வீதி முனைவரை டின்னோடு வரிசை நிற்கும். முதல் வாரத்திலிருந்தே அடுப்பு அணையாது.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் குளிரும் மேகமுமாக இருந்தது. ஜாடிகள் வெளுத்துப்போயின. ஜனவரியில் டெல்லியிலிருந்து மூன்று பேர் கமிட்டி வருகிறது என்று மேடம் சொல்லியிருந்தார். அவர்களுக்குப் பிடித்தால், ஊருக்கு வெளியே ஒரு ஆலையின் கொதிகலன் பக்கத்தில் பெரிய தொட்டி கட்டிப் பாசி வளர்க்க அனுமதி கிடைக்கும். அவர் இரண்டு வருடமாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அப்படிப்பட்டவர் வெளுத்த ஜாடியைப் பார்த்து, ‘குளிரை யோசிக்கவில்லை’ என்று தடி நோட்டில் எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் யார் வாடினாலும் ஒரே வைத்தியம். காய்ச்சலில் எழுந்தால் குளுக்கோஸ், பரீட்சைக்குப் போனால் குளுக்கோஸ், ஸ்டெல்லாவுக்குத் தலை சுற்றினால் குளுக்கோஸ். பேக்கரியிலோ ஐசிங்குக்காக வாங்கிய குளுக்கோஸ் டின் டின்னாக இருந்தது. விடிந்ததும் மாடிக்குப் போய், ஜாடிக்கு ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவது போல ஒரு திருப்தி. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் ஜாடிகள் கும்மென்று கரும்பச்சையாகிவிட்டன. மேடம் எடை போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். இரண்டு மடங்குக்கும் மேல்! மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“அண்ணே, கேக்! உங்க கேக்குதாண்ணே! அடுப்பு அணையாம எரியுதுல்ல, புகை நிறைய வருது, அதான் இப்படி வளருது!”

லேசாகப் புளித்த வாடை வருகிறதே என்று ஒருமுறை மூக்கைச் சுருக்கினார். பிறகு அவரே, பேக்கரி மாடியில் மாவு வாடை வராமல் மல்லிகை வாடையா வரும் என்று சொல்லிக்கொண்டார். வரிசையில் நின்றவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப்போனார். “உங்க கேக் விட்ட மூச்சுதான் இது, பாருங்க” என்று ஜாடியைக் காட்டினார். சர்ச்சுக்குப் போகிற மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் மாடியேறினார்கள். ஒரு அம்மா தன் டின்னுக்குரிய ஜாடி எது என்று கேட்டார். அத்தனை சிரிப்பும் சத்தமும் எங்கள் மாடி கண்டதில்லை.

எனக்கு உள்ளுக்குள் கரண்டி உறுத்தியது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? தவிர, தப்பு என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமும் இல்லை. சும்மா இருந்தேன். கரண்டியை நிறுத்தினால் ஜாடி வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தினமும் ஊற்றவும் செய்தேன்.

ஜனவரியில் கமிட்டி வருவதற்கு முதல்நாள் அவர் பெரிய தொட்டியின் படத்தைக் கவுன்டரில் விரித்துக் காட்டினார். எத்தனை அடி நீளம், எவ்வளவு புகை, எவ்வளவு எண்ணெய். எல்லாக் கணக்குக்கும் அடியில் அந்த டிசம்பர் எடை உட்கார்ந்திருந்தது. “இந்த ஒரு நம்பரை நம்பித்தாண்ணே தொட்டி நிக்கப்போகுது” என்றார்.

கமிட்டி வந்தது. கோட்டு போட்ட இரண்டு பேர், ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர். அவரும் தமிழ்தான் என்பதால் பேச்சு தமிழில் நடந்தது. நான் தட்டில் சூடான பப்ஸோடு பின்னாலேயே மாடியேறினேன். பெரியவர் ஒரு ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கும்மா. புகையும் உங்க வழக்கமான உரமும் தவிர வேற ஏதாவது குடுக்கறீங்களா?”

“ஒண்ணும் இல்லை சார். வேணும்னா அண்ணனைக் கேளுங்க, நான் காலேஜுக்குப் போனப்புறம் அவர்தான் காவல்.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார், அவ்வளவு நம்பிக்கையாக. இங்கிலீஷ்காரன் காலத்துக் கதை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

“குளுக்கோஸ் போட்டேன் சார். தினமும் காலைல, ஜாடிக்கு ஒரு கரண்டி. ஒரு மாசமா. மேடத்துக்குத் தெரியாது. தப்பு என்னுதுதான்.”

ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாடிப்படி இருக்கிறது என்று கால் வைத்து, படி இல்லாமல் போனவர் முகம் அது. கையிலிருந்த மெல்லிசு நோட்டை மெதுவாக மூடினார். செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

பிறகு அந்தக் கன்னம் உப்ப ஆரம்பித்தது.

“குளுக்கோஸா!” என்று கத்தினார். “அண்ணே! சக்கத் தப்புண்ணே! நான் பண்ணதுல எதுவும் இதுக்குக் கிட்ட வராது! சார், பாசி வெயில்லயும் வளரும், சர்க்கரை கிடைச்சா அதையும் சாப்பிட்டு வளரும். ஒரு மாசமா ரெண்டு வேளைச் சாப்பாடு! அந்தப் புளிச்ச வாடை… ஐயோ, வந்ததே, முகர்ந்தேனே!” சட்டென்று என் பக்கம் திரும்பினார். “எல்லா ஜாடிக்குமா போட்டீங்க?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கற மூணுக்கும் போடல. அந்தச் சந்துல என் தொப்பை நுழையாது.”

அவர் தொட்டிக்குப் பின்னால் ஓடினார். ஸ்வெட்டர் பெரியவரும் பின்னாலேயே ஓடினார். மூன்று ஜாடிகள் நல்ல வெயிலில், மற்றவற்றைவிட வெளிறி நின்றன. நோட்டைப் புரட்டினார். ஜாடிக்கு ஒரு வரி என்று எடை எழுதுபவர் ஆகையால் அந்த மூன்றின் எடையும் தனியாக இருந்தது. பக்கத்தில், ‘இவ்வளவு வெயில் இருந்தும் ஏன் சோம்பேறிகள்?’ என்று கேள்விக்குறி போட்டிருந்தார். குனிந்தபடியே கணக்குப் போட்டார்.

“நவம்பரைவிடக் கால் பங்கு கூட இருக்கு சார். ரெண்டு மடங்கு இல்ல. கேக் புகை குடுத்தது இவ்வளவுதான். ஆனா இது நிஜம்.”

பெரிய தொட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. கோட்டுக்காரர்கள் இருவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படியிறங்கினார்கள். பெரியவர் மட்டும் இரண்டாவது பப்ஸை எடுத்துக்கொண்டு, “ஜாடியிலேயே இன்னொரு வருஷம் பண்ணும்மா, அதுக்கு நான் டெல்லியில சொல்றேன். காவல்காரரை மட்டும் பார்த்துக்க” என்றார்.

அவர்கள் போனபிறகு மேடம் மாடிக் கைப்பிடிச் சுவரில் தடி நோட்டை வைத்து எழுதினார். பக்கத்தில் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது.

“கோவமா மேடம்?”

“ஒரு நொடி வந்துச்சுண்ணே. போயிடுச்சு.” நோட்டை என் பக்கம் திருப்பினார். என் பெயர் அதில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ‘பகல் முழுக்க ஜாடியோடு இருப்பவரிடம் நான் ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை’ என்று இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே ‘குளுக்கோஸ் போட்டது நான்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. இவ்வளவு சுலபமான காரியத்தையா நாற்பது வருடம் தள்ளிப்போட்டோம் என்று இருந்தது. மறுநாள் ரொட்டி கருகியது. “கருகிடுச்சு” என்றேன். கஸ்டமர் பதறிப்போய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அந்த வருடம் முழுக்கப் பாசி புகையை மட்டும் தின்று வளர்ந்தது. வாரத்துக்கு மூன்று தடவையாவது, “அண்ணே, எதுவும் போட்டீங்களா?” என்று கேட்பார். நானும் கைதியைப் போலக் கையை விரித்துக் காட்டுவேன். காய்ந்த பாசியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எண்ணெய் எடுத்து, டீசல் மாதிரி ஆக்கி, டிசம்பரில் கொண்டுவந்தார். ஒரு இருமல் மருந்து பாட்டில் நிறைய இருந்தது. ஒரு வருடத்து வெயிலும் எங்கள் புகையும் அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கேரல் பாட வருபவர்கள் எங்கள் பேக்கரி வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கேக் சாப்பிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டு முடியும்வரை வாசல் நட்சத்திரமும் சீரியல் பல்புகளும் பாசி எண்ணெயில் எரியும் என்று மேடம் தெருவுக்கே சொல்லியிருந்தார். நாலு சரணம், ஆறு நிமிடம். எண்ணெய் ஆறரை நிமிடத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். பின்சந்தில் எங்கள் சின்ன டீசல் ஜெனரேட்டருக்கு மேல் அந்தப் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குழாய் போட்டோம். பாஷா பாய் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தற மாதிரியே இருக்கும்மா.”

“அந்தப் பேரையே எடுக்காதீங்க பாய்!” என்று நானும் மேடமும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மெயினை அணைத்தேன். பாஷா பாய் ஜெனரேட்டர் பிடியைச் சுழற்றினார். இன்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. வாசலில் நட்சத்திரம் எரிந்தது, பல்புகள் வரிசையாக எரிந்தன, கேக் டின்னோடு போன வருடம் மாடியேறிய பெண்கள் அத்தனை பேரும் ‘ஓ’ என்றார்கள். இன்ஜின் சத்தத்தில் பாட்டு பாதிதான் கேட்டது. மேடம் பாடவில்லை, நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அடுப்புப் புகைதான் அங்கே வெளிச்சமாகத் தொங்குகிறது என்று நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சரணத்தின் நடுவில் இன்ஜின் விக்கி நின்றது. நட்சத்திரம் அணைந்தது.

இப்போதுதான் பாட்டு நன்றாகக் கேட்டது. அவர்கள் நிறுத்தாமல், கையிலிருந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலாவது சரணத்தையும் பாடி முடித்தார்கள். முடிந்ததும் தெரு மொத்தமும் மேடத்தைப் பார்த்தது. மேடம் என்னைப் பார்த்தார்.

“மேடம், இந்தத் தடவை நான் ஒண்ணும் போடல” என்றேன்.

“தெரியும்ணே. காலைலேருந்து உங்களை மூணு தடவை கேட்டாச்சு.” இருட்டில் முகம் தெரியவில்லை, ஆனால் கன்னம் உப்பியிருக்கும் என்று குரலே சொன்னது. “ரெண்டு மூணு நிமிஷம் கணக்கு எங்கயோ இடிக்குது. சக்கத்!”

யாரோ ஒரு மெழுகுவத்தியை எங்கள் பக்கம் நீட்டினார்கள். அவர் ஜோல்னாப் பையிலிருந்து தடி நோட்டை எடுத்து விரித்தார். அவர் பேனாவைத் தேடி முடிப்பதற்குள் நான் சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து நீட்டினேன்.